அச்சுவேலி நாற்றுமேடை

யாழ்ப்பாணப் பட்டினத்தை விட்டு வடகிழக்காகப் புறப்பட்டு, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்னும் ஊர்களைக் கடந்து ஏறக்குறையப் பத்துக் கட்டை தூரம் சென்றால் அச்சுவேலியை அடையலாம். வழியின் இருமருங்கும் வாழைத் தோட்டங்களும் வெங்காயப் பாத்திகளும் மாறி மாறி வரும். அவற்றுக்கு அப்பால் பனைகள் காவல் நிற்கும். புத்தூரை அடுத்த நவக்கிரியிலே, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக விளங்கும் நிலாவரைக் கிணற்றை எட்டிப் பாராமல் அப்பாதையிற் செல்வோர் சிலரே. நாமும் எட்டிப் பார்த்துவிட்டே சென்றோம்.

நாம் சென்றது மார்கழி மாதத்தின் நடுப்பகுதி. நத்தார்ப் பெருநாள் கழிந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. சூசையப்பர் கோயிலிற் பாலன் குடில் இன்னும் கலைக்கப்படவில்லை. கத்தோலிக்கர் வீட்டு வாசல்களில் நட்சத்திரக் கூடுகள் தொங்கின. அதே ஊரின் சைவக் கோயில்களில் திருவெம்பாவைப் பூசைக்கான சங்கும் சேமக்கலமும் விடியற்காலையில் ஒலித்தன. ஒரே பனிக்காற்று இரண்டு ஒலிகளையும் சுமந்து வந்தது. இரண்டையும் கேட்டு வளர்ந்த ஊர் அச்சுவேலி.

ஆயினும் ஊர் பார்ப்பது மாத்திரம் நமது நோக்கமன்று. கத்தோலிக்க குருவாக வேண்டுமென்று புறப்படும் ஓர் இளைஞன் எவ்வாறு வளர்கிறான், அவனை அனுப்பிய வீடு எதை இழக்கிறது, எதைப் பெறுகிறது என்று அறியும் ஆவலும் நம்மிடம் இருந்தது. “அப்படியாயின் பெரிய குருமடம் அமைந்துள்ள கொழும்புத்துறைக்கன்றோ செல்லவேண்டும்? அச்சுவேலியில் என்ன இருக்கிறது?” என வாசகர் வினவலாம். குருமடத்தின் வாயில் கொழும்புத்துறையில் இருக்கலாம். ஆனால் அவ்வாயிலை நோக்கிய முதலடி எப்போதும் ஒரு வீட்டுப் படலையிலிருந்தே எடுத்து வைக்கப்படுகிறது. அவ்வாறு எடுத்து வைக்கப்பட்ட அடி ஒன்றின் சுவடு இவ்வூரில் ஆழப் பதிந்திருக்கிறது. அதனைப் பின்னர் சொல்வோம்.

நாற்றும் மேடையும்

நம்மை அழைத்துச் சென்ற நண்பர் முதலில் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிச் சென்றார். கிணற்றடிக்கு அருகே, நிலமட்டத்துக்குச் சற்று உயர்த்திக் கட்டிய ஒரு மேடை. மேலே கம்புகளில் தாங்கிய கிடுகுப் பந்தல். அதன் நிழலில், விரல் நீளத்துக்கு வளர்ந்த மிளகாய் நாற்றுகள் நெருக்கமாக நின்றன. தோட்டக்காரர் அறுபதைக் கடந்தவர். துலாவில் ஏறி மிதித்து இறைத்த காலத்தையும் கண்டவர். இப்போது இயந்திரம் இறைக்கிறது. அவர் ஒவ்வொரு கிடுகாக எடுத்து ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏன் ஐயா நிழலை எடுக்கிறீர்கள்? வெயிலில் வாடிவிடாதா?” என்று கேட்டோம்.

“வாடத்தான் வேணும்,” என்றார் அவர். “நிழலுக்கையே வளர்ந்ததை அப்பிடியே கொண்டுபோய்த் தறையிலை நட்டா ஒரு வெயிலுக்கும் தாங்காது. கிடுகை எடுத்து, தண்ணியையும் கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சு, முதல்லை பழக்க வேணும். பொங்கல் முடியத்தான் நடுவம்.”

“இவ்வளவு நாற்றும் உங்கள் தறைக்குத்தானோ?”

“எல்லாம் எப்பிடி ஐயா? எனக்குத் தேவையானதை எடுத்துப்போட்டு, மிச்சத்தை அயலுக்குக் குடுப்பம். நல்ல நாத்து எந்தத் தறையிலையும் பிடிக்கும்.”

இம்முதியவர் தாம் அறியாமலே நமது விடயத்தின் நடுவில் நம்மைக் கொண்டு நிறுத்திவிட்டார். நாம் தமிழிற் குருமடம் என்று வழங்கும் நிலையத்துக்கு இலத்தீன் மொழியில் ‘செமினாரியும்’ என்று பெயர். அதன் பொருள் நாற்றுமேடை என்பதே. திரெந்து நகரிற் கூடிய திருச்சங்கம் 1563 ஆம் ஆண்டில், மறைமாவட்டந்தோறும் குருத்துவப் பயிற்சிக்கென ஒரு தனி நிலையம் அமைத்தல் வேண்டும் எனக் கட்டளையிட்டது. அன்று அச்சங்கத்தார் தெரிந்தெடுத்த பெயர் அரண்மனையையோ படைமுகாமையோ சார்ந்ததன்று. தோட்டக்காரன் வாயிற் புழங்கிய சொல். நாற்றுமேடையிலே காய் பறிப்பாரில்லை. அங்கு வேர் பிடிக்கவேண்டும், அவ்வளவே. பிறகு வேறோரிடத்துக்குப் போகவேண்டும்.

உத்தியோகம் துறந்த பிள்ளை

இனி, முன்னர் குறித்த சுவடு.

1875 ஆம் ஆண்டில் மானிப்பாயில் ஒரு சைவக் குடும்பத்தில் வைத்தியலிங்கம் என்ற பிள்ளை பிறந்தது. சிறு வயதிலேயே தந்தையை இழந்தது. பின்னர் அதன் தாயார் அச்சுவேலியைச் சேர்ந்த தம்பிமுத்துப்பிள்ளை என்னும் கத்தோலிக்கரை மணந்தார். தாயும் பிள்ளையும் கத்தோலிக்க மறையைத் தழுவினர். பிள்ளைக்கு ஞானப்பிரகாசம் என்று பெயராயிற்று. தம்பிமுத்துப்பிள்ளை நூல்கள் எழுதியவர். அச்சுவேலியில் அச்சுக்கூடம் நடத்தியவர். அவருடைய ஞானப்பிரகாச யந்திரசாலையின் பெயரைப் பழைய நூல்களின் முகப்பில் இன்றும் காணலாம். மகன் எழுதி 1928 இல் வெளிவந்த ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ அச்சேறியதும் அங்கேதான்.

இளைஞர் ஞானப்பிரகாசம் ஆங்கிலமும் கற்றுப் புகைவண்டிப் பகுதியில் எழுதுவினைஞராக அமர்ந்தார். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் இது எத்துணைப் பெரும் பேறு என்பதை இன்றைய மாணவர் உணர்தல் அரிது. “கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது நம்மவர் பழமொழி. அரசாங்கச் சம்பளம், ஓய்வூதியம், அதற்கேற்ற சீதனம், அயலில் மதிப்பு ஆகிய அனைத்தும் அந்த ஒரு நாற்காலியைச் சுற்றி இருந்தன. அந்த நாற்காலியை விட்டெழுந்து, 1895 ஆம் ஆண்டில் அவர் யாழ்ப்பாணக் குருமடத்திற் சேர்ந்தார். அமலமரித் தியாகிகள் சபையிற் புகுந்து, 1901 ஆம் ஆண்டு மார்கழி மாதத்திற் குருப்பட்டம் பெற்றார். வடபகுதிப் புகைவண்டிப் பாதை 1905 இல் நிறைவெய்தி, கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, புகைவண்டி உத்தியோகத்தைத் துறந்த அவ்விளைஞர் குருவாகி ஏறக்குறைய நான்காண்டுகள் ஆகிவிட்டன.

இவரே பிற்காலத்தில் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் எனத் தமிழுலகு போற்றிய பன்மொழிப் புலவர். யாழ்ப்பாணத்து அரசர் வரலாற்றையும் இலங்கைக் கத்தோலிக்க திருச்சபையின் வரலாற்றையும் ஆராய்ந்து எழுதினார். தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடி, 1938 ஆம் ஆண்டு முதல் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அது முற்றுப்பெறு முன்னரே 1947 இற் காலமானார். சொற்களின் வேரை நாடிய அவர் தம் வாழ்வின் வேரை ஊன்றியது ஆறாண்டுக் குருமட வாழ்விலேயாம்.

அவருக்கு வாய்த்த பெயரிலும் ஒரு செய்தி உண்டு. இத்தாலி தேசத்து அலோசியுஸ் கொன்சாகா என்னும் புனிதரையே நமது முன்னோர் ஞானப்பிரகாசியார் என்று தமிழாக்கினர். பிரபு குடும்பத்தின் தலைமகனாய் 1568 இற் பிறந்த அப்புனிதர், தந்தையின் கடும் எதிர்ப்பை மீறி, தமக்குரிய பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து 1585 இல் உரோமாபுரியில் இயேசு சபையிற் சேர்ந்தார். கொள்ளைநோய் கண்டவர்களைத் தூக்கிப் பணிவிடை செய்து, தாமும் நோயுற்று, 1591 இல் தமது இருபத்து மூன்றாம் வயதில் உயிர் துறந்தார். அப்போது அவர் இறையியல் மாணவரேயன்றிக் குருவல்லர். அவர் ஒருநாளும் பீடத்தில் நின்று பூசை செய்ததில்லை. ஆயினும் திருச்சபை அவரை இளைஞரின் பாதுகாவலராக வைத்திருக்கிறது. நாற்றுமேடையிலேயே பறிக்கப்பட்ட அவர் வாழ்வு வீண் என்று எவரும் சொல்லத் துணியார்.

மணியோசையின் கீழ்

குருமட வாழ்வு எத்தகையது? பல்லாண்டுகளாகக் குருமாணவரை வழிநடத்தி ஓய்வு பெற்ற ஒரு முதிய குருவானவரை அன்று நண்பகலிற் கண்டு உரையாடும் வாய்ப்புக் கிட்டியது.

வெளிநோக்குக்கு அவ்வாழ்வு மிக எளியது என்றார் அவர். விடியற்காலை மணி அடித்ததும் எழவேண்டும். சிறிது நேரம் அசையாமலிருந்து தியானம். அதன்பின், முன்னாளிற் பூசையென்றும் இந்நாளில் திருப்பலியென்றும் சொல்லப்படும் வழிபாடு. பின் காலை உணவு, வகுப்புகள், படிப்பு. பிற்பகலில் தோட்ட வேலை அல்லது விளையாட்டு. மாலையிற் செபமாலை. படுக்குமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனை. பின்னர் மறுநாட் காலை வரை மௌனம். இவ்வொழுங்கு நாள்தோறும், ஆண்டுதோறும் நடைபெறும்.

கல்வியும் நீண்டது. திருச்சபைச் சட்டப்படி மெய்யியலுக்கு இரண்டாண்டும் இறையியலுக்கு நான்காண்டுமாக ஆறு முழு ஆண்டுகளேனும் கற்றாக வேண்டும். ஆயத்த ஆண்டும், பங்குகளிற் பணிசெய்து பழகும் காலமும் இதனோடு சேரும். இருபத்து மூன்று வயது நிறையுமுன் திருத்தொண்டராகவும், இருபத்தைந்து நிறையுமுன் குருவாகவும் பட்டம் பெறல் இயலாது. ஞானப்பிரகாசர் காலத்தில் இலத்தீன் இல்லாமல் எதுவும் நகராது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் குருத்துவப் பயிற்சியைப் பற்றித் தனி ஏடொன்று வெளியிட்டு அக்கல்வியைப் புதுக்கியது. 1992 இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் எழுதிய மடல், மனிதப் பண்பு, ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப்பணி என நான்கு துறைகளிலும் ஒருங்கே வளர்ச்சி வேண்டும் என்றது. மனிதப் பண்பை முதலில் வைத்தமை கருத்திற் கொள்ளத்தக்கது. நல்ல மனிதனாக வளராதவனை நல்ல குருவாக வளர்த்தல் இயலாதன்றோ?

“முதல் வருஷம் பிள்ளைகளுக்கு எல்லாம் இனிக்கும்,” என்றார் முதியவர். “கோயிலை விட்டு எழும்ப மனமிராது. அடுத்த வருஷம் அந்த இனிப்புப் போய்விடும். செபம் சொல்லச் சொல்ல வாய் வறண்டுபோகும். பக்கத்தில் இருப்பவன் சாப்பிடுகிற சத்தமே கோபத்தை உண்டாக்கும். நல்லாய்ப் பாடுகிற பிள்ளையை வாய்க்கால் துப்புரவுக்கு விட்டால் முகம் கோணும். அப்போதுதான் அவன் முதல்முறையாகத் தன்னைத் தானே காண்கிறான். பயிற்சி அங்கேதான் துவங்குகிறது.”

இவ்விடத்தில் மனந்தளர்ந்து, தன்னில் ஏதோ குறையுண்டென எண்ணி அஞ்சுவோர் பலராம். வேறு சிலர் அளவுமீறி உபவாசம் இருப்பர், உறக்கத்தைக் குறைப்பர், ஒரே மாதத்திற் புனிதராகிவிட முயல்வர். அத்தகையோருக்கு ஆன்ம குரு சொல்லும் புத்தி நம் தோட்டக்காரர் அனைவரும் அறிந்ததே. யாழ்ப்பாணத்து நிலத்தடியிலே நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவறிந்து இறைத்தால் ஆண்டு முழுதும் கிணறு கொடுக்கும். பேராசையோடு இறைத்தால் உவர் ஏறிவிடும்.

வீட்டு நினைவும் ஒரு பெரும் சோதனையே. மழைநாளிலே அம்மா காய்ச்சும் ஒடியற்கூழின் மணம் நினைவில் எழுந்து, புத்தகத்தின் எழுத்துகள் கண்ணீரிற் கரைந்த மாலைகளைத் தாமும் அறிவதாக அம்முதியவர் சொல்லிச் சிரித்தார். அந்த நினைவை அறவே அழித்துவிடச் சொல்வதில்லை. தன் தாயை நினைத்து அழுதவனே நாளை மகனை இழந்த ஒரு தாயின் முன் அமைதியாக அமர்ந்திருக்க வல்லவன் என்பது அவருடைய அனுபவம்.

தோலகட்டி மௌனம்

அச்சுவேலிக்கு மேற்கே, வயாவிளான் பக்கமாக உள்ளது தோலகட்டி. மௌனத்தின் பெயரால் யாழ்ப்பாணம் அறிந்த இடம் அது. 1886 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து 1912 இற் குருவான தோமஸ் அடிகளார், ஆயர் கியோமார் ஆண்டகையின் ஆதரவுடன் 1928 ஆம் ஆண்டில் அங்கு செபமாலைத் தாசர் சபையைத் தோற்றுவித்தார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1926 இல், திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் மறைபரப்பு நாடுகளிலும் தியான வாழ்வுக்குரிய மடங்கள் எழவேண்டும் என்று கேட்டிருந்தார். ஐரோப்பியருக்கே அத்தகைய கடுந்துறவு இயலும், நம்மவருக்கு இயலாது என்று கருதியவரும் அக்காலத்தில் உண்டு. தோலகட்டி அதற்கு விடையாக எழுந்தது. செபம், உழைப்பு, மௌனம், மரக்கறி உணவு, இரவும் பகலும் இடையறாத செபமாலை ஆகியவையே அம்மடத்தின் வாழ்வு. தோமஸ் அடிகளார் 1964 இல் இறைவனடி சேர்ந்தார். அவர் வழிவந்த செபமாலைக் கன்னியர் ஆக்கும் திராட்சை இரசத்தை யாழ்ப்பாணத்து வீடுகள் பலவும் அறியும்.

1990 ஆம் ஆண்டில் போர் அப்பகுதி மக்களை ஒட்டுமொத்தமாக இடம்பெயரச் செய்தது. வீடும் கோயிலும் மடமும் பூட்டப்பட்டன. ஆயினும் செபமாலைத் தாசர் சபை அழியவில்லை. மண்ணில் மாத்திரம் வேரூன்றியதை மண்ணிலிருந்து பிடுங்கினால் மடியும். பழக்கத்தில் வேரூன்றியது எடுத்துச் சென்ற இடத்திற் பிடித்துக்கொள்ளும். குருமடத்தின் மணியும் மௌனமும் ஏன் என்று கேட்பவருக்கு இது ஒரு விடை.

ஒரு தாயின் வீட்டில்

பிற்பகல் சரிந்தபோது நண்பர் நம்மை ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றார். வீட்டுக்காரரின் ஒரே மகன் குருமடத்தில் மெய்யியல் பயில்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். பெயர்களைச் சொல்லோம். தாயார் பலகாரத் தட்டையும் தேநீரையும் கொண்டுவந்து வைத்தார். மகன் கோயிலிற் சிறுவருக்குப் பாட்டுப் பழக்கப் போயிருந்தான். கதை மெல்ல மெல்ல நெஞ்சின் கதவைத் திறந்தது.

“அவன் குருமடத்துக்குப் போகேக்கை மூண்டு நாள் சாப்பிடாமல் அழுதன், ஐயா,” என்றார் அத்தாயார். “ஒரே பிள்ளை. தோட்டம் துரவை ஆர் பாக்கிறது? பேரப்பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடப்போறனோ எண்டெல்லாம் நினைச்சன். பிறகு மனம் ஆறிப்போச்சு. இப்ப ஊரெல்லாம் என்னைச் சாமியின்ரை அம்மா எண்டுதான் கூப்பிடுது. போன மாதம் கடிதம் போட்டிருந்தான், தனக்கு இது சரிதானோ எண்டு தெரியேல்லை எண்டு. இப்ப, திரும்பி வந்திடுவானோ எண்டு அழுகிறன்.”

அவர் சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைத்தார். நமக்கு மறுமொழி சொல்ல வாய் எழவில்லை. மகனைக் கொடுக்க அழுத அதே தாய், அவனைத் திரும்பப் பெற அஞ்சி அழுகிறார்! இரண்டு அழுகையும் பொய்யன்று. ஆனால் முதல் அழுகை மகனைப் பற்றியது. இரண்டாவது அழுகையில் ஊரும் கலந்திருக்கிறது. குருமடத்திலிருந்து திரும்பிய பிள்ளையை நம் ஊர்கள் பார்க்கும் பார்வையை நாம் அறிவோம். “என்ன குற்றம் செய்தானோ?” என்று வேலிக்கு மேலால் எழும் கேள்வியையும் அறிவோம். அக்கேள்விக்கு அஞ்சியே மனமில்லாமற் குருமடத்தில் நிற்பவனும், அதே கேள்விக்கு அஞ்சிப் பிள்ளையை நிற்கச் சொல்லும் பெற்றோரும் உண்டாயின், அதன் பழி அவர்களை மட்டுமா சாரும்? வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் நம்மையும் அல்லவா சாரும்?

திருச்சபைச் சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1983 ஆம் ஆண்டில் வெளியான சட்டத் தொகுப்பின் 1026 ஆம் பிரிவு, குருப்பட்டம் பெறுபவன் முழுச் சுதந்திரத்துடன் அதனைப் பெறவேண்டும் என்று கூறுகிறது. எவ்வகையிலேனும் எக்காரணத்துக்காகவேனும் ஒருவனை வற்புறுத்திப் பட்டம் பெறச் செய்வதை அது விலக்குகிறது. தகுதியுடையவனைத் தடுப்பதையும் அவ்வாறே விலக்குகிறது. மகனை விடமாட்டேன் என்று வாசலை மறிக்கும் தந்தைக்கும், திரும்பி வராதே என்று வாசலைச் சாத்தும் தாய்க்கும் ஒரே சட்டம். தேவ அழைத்தல் என்பது அழைப்பாகையால், அதற்கு ஆம் என்றோ அன்று என்றோ சொல்லும் வாய் அழைக்கப்பட்டவனுடையதாகவே இருத்தல் வேண்டும்.

சிறிது நேரத்தில் மகன் வந்தான். மெலிந்த உருவம், அமைதியான முகம். நம்மைக் கண்டு வணங்கிவிட்டு, தாயின் கையிலிருந்த வெற்றுக் கோப்பைகளைத் தானே வாங்கிக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். அச்செயலை அவன் பெரிதாகச் செய்யவில்லை. பழகிய கை அது. பின் வந்து திண்ணையில் அமர்ந்தான். தாயார் சொன்னதை அவன் ஊகித்திருக்கவேண்டும்.

“அம்மா கவலைப்படுறா,” என்றான் மெதுவாக. “வாற வருஷம் ஒரு பங்கிலை போய் நிண்டு வேலை செய்து பாக்கச் சொல்லியிருக்கினம். அதுக்குப் பிறகு முடிவெடுக்கலாம் எண்டு ஃபாதர் சொன்னவர். நான் ஒண்டுக்கும் பயப்பிடேல்லை. ஆனா அம்மா என்ன முடிவெண்டாலும் பயப்பிடாமல் இருந்தா எனக்கு யோசிக்கச் சுகமா இருக்கும்.”

தாயார் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, “ராவைக்கு என்னடா சாப்பிடுறாய்?” என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் அங்கு நமக்கு வேலையில்லை என்று விடைபெற்றோம்.

மேடைக்கு அப்பால்

திரும்பும் வழியில் நமது உள்ளம் வேறு இருவரை நினைத்துக்கொண்டது. ஒருவர் ஊர்காவற்றுறையில் 1913 இற் பிறந்த தனிநாயகம் அடிகளார். கொழும்பிலும் உரோமாபுரியிலும் குருத்துவப் பயிற்சி பெற்று 1938 இற் குருவானவர் அவர். தமிழ் இலக்கியத்தை ஆழக் கற்றதோ குருவான பின்னரே. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்திலே பள்ளிப் பணியில் இருந்தபோது அக்கல்வியைத் தொடங்கி, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். 1966 இற் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியதற்கு முன்னின்று உழைத்தவர் அவரே. குருமடம் அவருக்கு எல்லாவற்றையும் கற்பித்து அனுப்பவில்லை. கற்கும் பழக்கத்தைக் கொடுத்து அனுப்பியது.

மற்றவர் தீவகத்து அல்லைப்பிட்டியிற் பங்குக் குருவாய் இருந்த இளம் துறவி ஜிம் பிரவுண் அடிகளார். 2006 ஆம் ஆண்டு ஆவணி மாதச் சண்டையில், உயிருக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் அவருடைய கோயிலில் அடைக்கலம் புகுந்தனர். கோயிலும் எறிகணைக்குத் தப்பவில்லை. சில நாட்களின் பின், ஆவணி 20 ஆம் திகதி அவர் காணாமற் போனார், திரும்பி வரவில்லை. மணியோசைக்கு எழுவதும், வாய்க்கால் துப்புரவும், வறண்ட செபத்தை விடாமற் சொல்வதும் எதற்கென்று வினவும் மாணவர்க்கு இதனையும் சொல்லவேண்டும். மக்கள் ஓடிவரும் நாளிற் கதவைத் திறந்து வைக்கும் துணிவு அந்த ஒரு நாளிற் பிறப்பதன்று. எவரும் பாராத பல நாட்களில் அது வேர்விட்டிருக்க வேண்டும்.

அந்தி மயங்கும் வேளையில், காலையிற் கண்ட தோட்டத்தின் வழியாகவே நமது வண்டி சென்றது. நாற்றுமேடையின் மேல் ஒரு கிடுகும் இல்லை. பகல் முழுதும் வெயிலைக் கண்ட நாற்றுகள் தலை சாய்ந்து வாடி நின்றன. முதியவர் செம்பில் நீர் எடுத்து, கையால் அளந்து அளந்து தெளித்துக்கொண்டிருந்தார்.

“வாடிவிட்டனவே ஐயா!” என்றோம்.

“விடியப் பாருங்கோவன், நிமிந்து நிக்கும்,” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

சூசையப்பர் கோயில் மணி ஒலித்தது. சிறிது தூரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையிலே தாயும் மகனும் இரவுச் சாப்பாட்டுக்கு அமர்ந்திருப்பர் என எண்ணிக்கொண்டோம். அம்மகன் நாளை எந்தத் தறையில் நடப்படுவான் என்பது நமக்குத் தெரியாது. எந்தத் தறையாயினும் அவனை நல்ல கண்ணோடு பார்க்கும் ஊராக நமது ஊர்கள் இருக்கவேண்டும் என்பதே, அச்சுவேலியை விட்டு வரும்போது நாம் சுமந்து வந்த வேண்டுதல்.